கடிதம் எங்கே இருக்கிறது? – மின்னஞ்சல் மென்பொருளும் வழங்கியும் பேசிக்கொள்ளும் மூன்று மொழிகள்

வீட்டில் புதிய கைப்பேசி வாங்கினால் முதலில் எழும் கேள்வி, "பழைய போன்ல இருந்த மெயில் எல்லாம் போயிடுமா?" என்பதுதான். பிள்ளைகள் "போகாதுப்பா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியான பதில்தான். ஆனால் எல்லோருக்கும் சரியான பதில் அல்ல. ஒருவருக்கு ஒரு கடிதம்கூடத் தொலையாது. இன்னொருவருக்குப் பத்து வருடக் கடிதங்கள் பழைய கணினியோடு சேர்ந்து காயலான் கடைக்குப் போய்விடும். இது அவரவர் அதிர்ஷ்டம் அல்ல. அவர்கள் பயன்படுத்தும் மென்பொருள், கடிதம் இருக்கும் இடத்தோடு எந்த மொழியில் பேசுகிறது என்பதைப் பொறுத்த விஷயம்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது சின்ன விஷயமும் அல்ல. ஊரிலிருந்து வந்த பத்திர நகல், வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை எழுதியது, வாடிக்கைக்காரர் அனுப்பிய ஆர்டர், மறைந்துபோன பெரியவர் கடைசியாக அனுப்பிய வாழ்த்து, இப்படிப் பலவும் இன்று மின்னஞ்சலில்தான் கிடக்கின்றன. நான் பொறியாளன் அல்லன்; பாத்திர வியாபாரி. ஆனால் மின்னஞ்சலின் விதிகள் எந்தக் கம்பெனியின் தொழில் ரகசியமும் அல்ல. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துப் படிக்கும்படி வெளியிடப்பட்டவை. அவற்றைப் படித்துத் தெரிந்துகொண்டதை, நம் குடும்பங்களுக்குப் பயன்படும் அளவில் இங்கே தருகிறேன்.

மூன்று சொற்களை முதலில் பழகிக்கொள்வோம். நம் கைப்பேசியிலோ கணினியிலோ கடிதத்தைக் காட்டுவது மென்பொருள். தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்றவை இந்த வகை. கடிதங்களை வாங்கி வைத்திருக்கும் பெரிய கணினி வழங்கி, அதாவது சர்வர். சர்வர் என்றால் ஓட்டலில் இட்லி கொண்டுவருபவர் நம் நினைவுக்கு வருவார். வேலை அதேதான், கேட்டதைக் கொண்டுவந்து தருவது. இந்த இருவரும் பேசிக்கொள்ள முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பேச்சு முறைதான் நெறிமுறை, புரோட்டோகால் என்பார்கள். மின்னஞ்சலில் அப்படி மூன்று மொழிகள் உண்டு. அனுப்ப ஒன்று, வாங்க இரண்டு.

வணிகர் குறியில் பிறந்த விலாசம்

1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலையமைப்பு வழியாகக் கடிதம் அனுப்பிக் காட்டினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட அவருக்கு ஒரு குறி தேவைப்பட்டது. விசைப்பலகையில் இருந்த @ குறியை எடுத்துக்கொண்டார். நாம் பில் புத்தகத்தில் '10 டஜன் @ 120 ரூபாய்' என்று எழுதுவோமே, அதே குறிதான். அதனால்தான் நம் நாட்டில் இன்றும் மின்னஞ்சல் விலாசத்தைச் சொல்லும்போது 'அட் தி ரேட்' என்று சொல்கிறோம். வணிகருடைய குறி உலகம் முழுவதற்கும் விலாசக் குறியாகிவிட்டது.

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் என்பவர் கடிதம் அனுப்பும் முறைக்கான விதிகளை எழுதி வெளியிட்டார். ஆர்.எப்.சி. என்ற வரிசையில் 821ஆம் ஏடு அது. ஆர்.எப்.சி. என்றால் 'கருத்துச் சொல்லுங்கள்' என்று கேட்கும் ஏடு என்று பொருள். எவ்வளவு அடக்கமான பெயர்! அதில் சொன்னபடி யார் மென்பொருள் எழுதினாலும் அது மற்ற எல்லா மென்பொருளோடும் பேசும். 2001லும் 2008லும் அந்த விதிகளைத் திருத்தி எழுதினார்கள். ஆனாலும் அடிப்படைப் பேச்சு மாறவில்லை.

இதன் அருமை நமக்குச் சட்டென்று தெரிவதில்லை. வாட்ஸ்அப்பில் இருப்பவரோடு பேச நாமும் வாட்ஸ்அப்பில் சேர வேண்டும். மின்னஞ்சலில் அந்தக் கட்டாயம் இல்லை. கூகுள் விலாசத்திலிருந்து யாஹூ விலாசத்துக்கும், பல்கலைக்கழக விலாசத்துக்கும், அரசு அலுவலக விலாசத்துக்கும் கடிதம் போகிறது. எல்லாக் கம்பெனிகளும் ஒரே எடைக்கல்லை வைத்துக்கொண்டதால் வந்த வசதி இது.

விலாசமும் ஜன்னல் எண்ணும்

'முருகன்@எக்ஸாம்பிள்.காம்' என்று ஒரு விலாசம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குறிக்கு வலப்பக்கம் இருப்பது ஊர், இடப்பக்கம் இருப்பது ஆள். அனுப்பும் வழங்கி முதலில் ஊரை மட்டும்தான் பார்க்கும். 'எக்ஸாம்பிள்.காம் ஊருக்கு வரும் கடிதங்களை வாங்கிக்கொள்ளும் வழங்கி எது?' என்று இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் கேட்கும். டி.என்.எஸ். என்று சொல்லப்படும் அந்தப் பதிவேட்டில், கடிதம் வாங்குபவர் யார் என்பதற்கென்றே எம்.எக்ஸ். என்ற தனிக் குறிப்பு உண்டு. நம் பின்கோடு எப்படி முதல் எண்ணிலேயே மண்டலத்தைச் சொல்லிவிடுகிறதோ, அப்படித்தான் இதுவும். கடிதத்தைக் கட்டு கட்டுபவர் ஆளின் பெயரைப் பார்ப்பதில்லை. அதைக் கடைசியில் தபால்காரர் பார்த்துக்கொள்வார்.

வழங்கியின் வாசலுக்குப் போனால் போதாது, எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்றும் தெரிய வேண்டும். போஸ்டாபீசில் தபால்தலைக்கு ஒரு ஜன்னல், மணியார்டருக்கு ஒரு ஜன்னல் இருப்பதுபோல, வழங்கியிலும் எண்ணிட்ட ஜன்னல்கள் உண்டு. போர்ட் என்பது அதுதான். ஒரு வழங்கி இன்னொரு வழங்கிக்குக் கடிதம் கொடுக்கும் ஜன்னல் 25. நம் மென்பொருள் கடிதத்தை ஒப்படைக்கும் ஜன்னல் 587 அல்லது 465. கடிதம் வாங்கும் ஜன்னல்கள் பழைய கணக்கில் 110, 143. பூட்டுப் போட்ட புதிய கணக்கில் 995, 993. மென்பொருளில் கணக்கைச் சேர்க்கும்போது பிள்ளைகள் தட்டச்சு செய்யும் புரியாத எண்கள் இவைதான்.

அனுப்பும் மொழி: எஸ்.எம்.டி.பி.

அனுப்பும் மொழியின் பெயர் எஸ்.எம்.டி.பி. 'எளிய அஞ்சல் பரிமாற்ற நெறிமுறை' என்பது அதன் பொருள். பெயருக்கேற்ப எளிமையானதுதான். நாம் 'அனுப்பு' என்ற பொத்தானைத் தட்டியதும் நடக்கும் பேச்சு, நம் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

வழங்கி: 220. தயாராக இருக்கிறேன்.
மென்பொருள்: வணக்கம். நான் இன்ன கணினி.
வழங்கி: 250. வணக்கம். எனக்கு இன்னின்ன வேலை தெரியும்.
மென்பொருள்: அனுப்புபவர் விலாசம் இது.
வழங்கி: 250. சரி.
மென்பொருள்: பெறுபவர் விலாசம் இது.
வழங்கி: 250. சரி.
மென்பொருள்: கடிதத்தைத் தரட்டுமா?
வழங்கி: 354. தரலாம். முடிந்ததும் தனி வரியில் ஒரு புள்ளி வையுங்கள்.
மென்பொருள்: (கடிதம் முழுவதும். கடைசியில் ஒரு புள்ளி.)
வழங்கி: 250. பெற்றுக்கொண்டேன்.
மென்பொருள்: வருகிறேன்.
வழங்கி: 221. நல்லது.

நம் மென்பொருளாக இருந்தால், வணக்கம் சொன்னபிறகு பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் காட்டி, தான் இன்னார் என்று நிரூபித்தபிறகே மேலே பேச முடியும்.

இதில் எண்களைக் கவனியுங்கள். முதல் இலக்கம் 2 என்றால் சரி. 3 என்றால் மேலே சொல்லு. 4 என்றால் இப்போது முடியாது, பிறகு வா. 5 என்றால் முடியவே முடியாது. 'அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை' என்பதற்கான எண் 550. 4இல் தொடங்கும் பதில் வந்தால் அனுப்பும் வழங்கி கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். குறைந்தது நான்கைந்து நாள் முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்று விதி சொல்கிறது. கடிதம் இரண்டு நாள் கழித்து 'தாமதமாகிறது' என்ற குறிப்போடு வந்தால் பதற வேண்டாம், இந்த விதிதான் வேலை செய்கிறது.

வியாபாரிகளான நமக்குப் பிடிக்கும் இடம், புள்ளி வைத்தபிறகு வரும் 250. அது லாரி ஆபீசில் கொடுக்கும் எல்.ஆர். ரசீது மாதிரி. அதைக் கொடுத்துவிட்டால் சரக்குக்கு அந்த வழங்கிதான் பொறுப்பு. சேர்ப்பிக்க வேண்டும், முடியாவிட்டால் 'சேரவில்லை' என்று அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடுவது விதிப்படி தவறு.

இப்படி நம் வழங்கி, எம்.எக்ஸ். குறிப்பைப் பார்த்து, பெறுபவரின் வழங்கியிடம் 25ஆம் ஜன்னலில் இதே பேச்சைப் பேசிக் கடிதத்தை ஒப்படைக்கும். அதோடு இந்த மொழியின் வேலை முடிந்தது. கடிதம் இப்போது டெலிவரி கோடவுனில் இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவருவது வேறு மொழியின் வேலை.

வாங்கும் மொழி ஒன்று: பாப்

முதலில் வந்தது பாப். அஞ்சலக நெறிமுறை என்று சொல்லலாம். 1984இல் தொடங்கி, இப்போது வழக்கில் இருக்கும் மூன்றாம் வடிவத்துக்கு 1988இல் வந்தது. 1996இல் எழுதிய ஏட்டின்படிதான் இன்றும் நடக்கிறது.

பாப் பேச்சு மிகச் சுருக்கம். மென்பொருள் பெயரும் கடவுச்சொல்லும் சொல்லும். எத்தனை கடிதம் என்று கேட்கும். ஒவ்வொன்றாக 'கொடு' என்று வாங்கும். வாங்கியதை 'அழித்துவிடு' என்று சொல்லும். பிறகு 'வருகிறேன்' என்று விடைபெறும். ஒரு நல்ல ஏற்பாடு இதில் உண்டு. 'அழித்துவிடு' என்றதும் வழங்கி உடனே அழிக்காது, குறித்து மட்டும் வைக்கும். முறையாக விடைபெற்றால்தான் அழிக்கும். நடுவில் இணைப்பு அறுந்துபோனால் கடிதம் பத்திரமாக அங்கேயே இருக்கும்.

இந்த முறை அந்தக் காலத்துக்குப் பொருத்தமானது. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. டெலிபோன் வழியாகத்தான் இணைப்பு. 'க்ரீச்' என்று மோடம் கத்தி, இணைப்பு கிடைத்தால் மணிக்கணக்கு ஓடும், டெலிபோன் மீட்டரும் ஓடும். அதனால் சட்டென்று போய், கடிதங்களை வாரிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிறகு நிதானமாகப் படிப்பதே சிக்கனம். வழங்கியிலும் இடம் குறைவு. எடுத்துக்கொண்டு போனால்தான் அடுத்தவருக்கு இடம்.

ஆனால் இதன் விளைவு என்ன? கடிதம் வழங்கியை விட்டு வந்துவிட்டது. இனி அது இருப்பது நம் மேசைக் கணினியில் மட்டும். அந்தக் கணினியின் தட்டு கெட்டுப்போனால் கடிதமும் போயிற்று. பத்து வருடக் கடிதம் காயலான் கடைக்குப் போவது இந்த வழியில்தான். பல மென்பொருள்களில் 'வழங்கியிலும் ஒரு பிரதி இருக்கட்டும்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் அடித்திருந்தால் இந்த ஆபத்து குறையும். ஆனாலும் கடிதத்தைப் படித்தோமா இல்லையா, எந்த உறையில் போட்டு வைத்தோம் என்பதெல்லாம் பாப் மொழிக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு கருவியில் பார்த்தால் இரண்டு தனித்தனிக் கணக்காகத்தான் இருக்கும்.

வாங்கும் மொழி இரண்டு: ஐமேப்

இதற்கு மாற்றாக, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் என்பவர் 1986இல் உருவாக்கியது ஐமேப். இதன் நான்காம் வடிவம் 1994இல் வந்தது. 2003இலும் 2021இலும் திருத்தப்பட்டது. கிரிஸ்பினின் எண்ணம் நேரானது. கடிதம் வழங்கியிலேயே இருக்கட்டும். மென்பொருள் அதைப் பார்க்கும் ஜன்னலாக மட்டும் இருக்கட்டும்.

பேரேடு கடையிலேயே இருக்கிறது, முதலாளியும் குமாஸ்தாவும் ஆடிட்டரும் வந்து அதே பேரேட்டைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு வரியில் டிக் அடித்தால் அடுத்தவருக்கும் அது தெரியும். ஐமேப் அப்படித்தான். கைப்பேசியில் படித்த கடிதம் கணினியிலும் 'படித்தது' என்று காட்டும். கணினியில் 'கல்யாணம்' என்று ஓர் உறை உண்டாக்கினால் கைப்பேசியிலும் அது தெரியும். பெரிய இணைப்பு இருந்தால், தலைப்பை மட்டும் முதலில் வாங்கிக் காட்டி, நாம் கேட்டால்தான் மற்றதைக் கொண்டுவரவும் இந்த மொழியில் வழி இருக்கிறது. 'சும்மா இரு' என்று பொருள்படும் ஒரு கட்டளையும் உண்டு. மென்பொருள் அதைச் சொல்லிவிட்டு இணைப்பிலேயே காத்திருக்கும். புதுக் கடிதம் வந்ததும் வழங்கி தானே கூப்பிட்டுச் சொல்லும். கைப்பேசி உடனே 'டிங்' என்று ஒலிப்பதற்கு இதுவும் ஒரு வழி.

இப்போது முதல் கேள்விக்குப் பதில் தெளிவாகிவிட்டது. ஐமேப் வழியில் பார்ப்பவருக்குக் கைப்பேசி தொலைந்தாலும் கடிதம் தொலையாது. ஆனால் நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கைப்பேசியில் ஒன்றை அழித்தால், வீட்டுக் கணினியிலும் அது அழிந்துவிடும். பேரேட்டில் ஒருவர் பக்கத்தைக் கிழித்தால் எல்லோருக்கும் கிழிந்ததுதானே! ஆகவே மூன்று கருவியில் தெரிகிறது என்பதற்காக மூன்று பிரதி இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. இருப்பது ஒரே பிரதி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உலாவியில் போய்ப் பார்ப்பதும், கம்பெனிகளின் சொந்தச் செயலிகளும் தங்களுக்கென்று தனி வழியில் பேசிக்கொள்வது உண்டு. ஆனால் கடிதம் வழங்கியிலேயே இருக்கும் என்பதில் அவையும் ஐமேப் மாதிரிதான். கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவே கடிதம் கைமாறும் இடத்தில் எல்லோரும் எஸ்.எம்.டி.பி.தான் பேச வேண்டும்.

தமிழ் எழுத்து எப்படிப் பயணம் செய்கிறது?

1982இல் எழுதிய விதி ஆங்கில எழுத்துக்களையும் எண்களையும் சில குறிகளையும் மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மொத்தம் 128 குறியீடுகள். அதில் அகரத்துக்கு இடம் இல்லை. படத்துக்கும் பாட்டுக்கும் இடம் இல்லை. 1992இல் போரன்ஸ்டைன், ஃப்ரீட் என்ற இருவர் 'மைம்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். எந்தப் பொருளாக இருந்தாலும் அதை அந்த எளிய எழுத்துக்களாகவே மாற்றிக் கட்டி, 'உள்ளே இருப்பது இன்னது' என்று சீட்டு ஒட்டி அனுப்புவது. மறுமுனையில் சீட்டைப் பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள்.

இதில் ஒரு கூலி உண்டு. மூன்று பைட் சரக்கு, நான்கு எழுத்தாக மாறும். 'தமிழ்' என்ற சொல் யூனிகோட் யு.டி.எஃப்-8 முறையில் 15 பைட். கட்டியபிறகு 20 எழுத்து. 18 எம்.பி. படம் வழியில் 24 எம்.பி. ஆகிவிடும். 'எல்லைக்குள்தானே இருக்கு, ஏன் திரும்பி வருது?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

பழைய நண்பர்களுக்கு இன்னொரு தொல்லையும் நினைவிருக்கும். யூனிகோட் பரவும் முன் தமிழுக்குப் பல குறியீடுகள் இருந்தன. டிஸ்கி ஒன்று; 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் என்பவை வேறு. ஒருவர் ஒன்றில் எழுதி அனுப்ப, மற்றவருடைய கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால், கடிதம் வந்து சேரும். ஆனால் கோழி கிளறியது மாதிரி இருக்கும். தபால் பிழை அல்ல, சீட்டுப் பிழை. இன்று யூனிகோட் வந்தபின் அந்தக் கவலை ஏறக்குறைய ஒழிந்தது. அந்தக் காலத்துத் தமிழ்க் கடிதங்களை வைத்திருப்பவர்கள் அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

பூட்டும் அதிகாரச் சீட்டும்

தொடக்கத்தில் இந்தப் பேச்செல்லாம் வெளிப்படையாகவே நடந்தது. வழியில் நின்று கேட்பவர் கடவுச்சொல்லைக்கூடக் கேட்டுக்கொள்ளலாம். இப்போது டி.எல்.எஸ். என்ற பூட்டுக்குள் பேச்சு நடக்கிறது. இணைந்ததுமே பூட்டிக்கொண்டு பேசும் முறையையே பயன்படுத்தும்படி 2018இல் வந்த 8314ஆம் ஏடு பரிந்துரைத்தது. அதனால் கணக்கைச் சேர்க்கும்போது 110, 143 ஆகிய ஜன்னல்களில் பூட்டில்லாமல் நிற்காதீர்கள். பாப் என்றால் 995, ஐமேப் என்றால் 993 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல்லிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. தனிநபர் கணக்குகளில் வெறும் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டு வெளி மென்பொருள்களை அனுமதிப்பதை 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்தத் தொடங்கியது. அலுவலகங்களுக்கான தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில் மைக்ரோசாஃப்ட்டும் அதே ஆண்டு அக்டோபரிலிருந்து அந்த வழியில் இறங்கியது. பழைய மென்பொருள்கள் திடீரென்று 'கடவுச்சொல் தவறு' என்று சொல்லத் தொடங்கியதற்கு இதுதான் காரணம்.

புதிய முறை எப்படி? கல்லாப்பெட்டிச் சாவியைக் குமாஸ்தாவிடம் கொடுப்பதற்குப் பதிலாக, 'இவர் தபால் மட்டும் வாங்கலாம்' என்று அதிகாரச் சீட்டு எழுதிக் கொடுப்பது போன்றது. ஓஆத் என்று பெயர். மென்பொருள் நம்மைக் கூகுளின் பக்கத்துக்கே அனுப்பும். அங்கே நாம் கடவுச்சொல் கொடுத்து ஒப்புதல் தந்தால், கூகுள் மென்பொருளுக்கு ஒரு சீட்டு தரும். வேண்டாம் என்றால் அந்தச் சீட்டை மட்டும் ரத்து செய்துவிடலாம்; சாவி நம் கையிலேயே இருக்கும். இந்த முறை தெரியாத பழைய மென்பொருளுக்கு, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கியபின் கூகுளில் 16 எழுத்துள்ள 'ஆப் பாஸ்வேர்ட்' ஒன்றை உண்டாக்கிக் கொடுக்கலாம்.

உறைமேல் பெயர், உள்ளே பெயர்

மேலே காட்டிய பேச்சில் அனுப்புபவர் விலாசத்தை மென்பொருள் சொல்கிறது அல்லவா? அது உறைமேல் எழுதுவது. நாம் திரையில் பார்க்கும் 'அனுப்புநர்' வரியோ கடிதத்தின் உள்ளே எழுதியது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று 1982 விதியில் கட்டாயம் இல்லை. காகிதக் கடிதத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போடலாம், தபால்காரர் கேட்கமாட்டார். மோசடிக்காரர் பிடித்துக்கொண்ட ஓட்டை இதுதான்.

இதை அடைக்க மூன்று ஏற்பாடுகள் பின்னால் வந்தன. 'எங்கள் ஊர்க் கடிதம் இந்த வழங்கிகளிலிருந்துதான் புறப்படும்' என்று பதிவேட்டில் அறிவிப்பது எஸ்.பி.எஃப். கடிதத்தின்மேல் அழிக்க முடியாத முத்திரை குத்துவது டி.கே.ஐ.எம். இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி வைப்பது டி.மார்க். ஒரு நாளில் தங்கள் பயனர்களுக்கு 5,000க்கு மேல் கடிதம் அனுப்புபவர்கள் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் கூகுள் கேட்கிறது. யாஹூவும் மொத்தமாக அனுப்புபவர்களிடம் அதே மூன்றைக் கேட்கிறது.

ஆனாலும் முத்திரை சொல்வது ஊரைப் பற்றி மட்டும்தான், ஆளின் யோக்கியதையை அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு வணிகருக்கு, வழக்கமாகச் சரக்கு அனுப்பும் கம்பெனியின் பெயரில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று கடிதம் வந்தது. விலாசத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வேறு. முன்பணம் புதிய கணக்குக்குப் போய்விட்டது. அந்த ஓரெழுத்து மாறிய ஊரை மோசடிக்காரர் முறையாகப் பதிவு செய்தே வைத்திருக்கலாம், அப்படியானால் எஸ்.பி.எஃப்.பும் தேறும், முத்திரையும் தேறும். ஆகையால் கணக்கு எண் மாறியதாகக் கடிதம் வந்தால், அதிலுள்ள எண்ணுக்கு அல்லாமல், நம் பழைய புத்தகத்தில் உள்ள எண்ணுக்கு டெலிபோன் செய்து கேளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930க்குக் கூப்பிடுங்கள்.

சந்தேகமான கடிதத்தைக் கணினியில் திறந்து, ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தட்டினால், மூன்று சோதனையின் முடிவும் தெரியும். கடிதம் கடந்துவந்த ஒவ்வொரு வழங்கியும் குத்திய தபால் முத்திரைகளும் அங்கே இருக்கும். புதிய முத்திரை மேலே விழும் என்பதால் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடியில் இருப்பவற்றை மோசடிக்காரரே எழுதியிருக்கலாம்; நம் வழங்கி குத்திய மேல் முத்திரையை நம்பலாம்.

படி எடுத்து வைப்போம்

ஐம்பெருங்காப்பியத்தில் வளையாபதிக்கும் குண்டலகேசிக்கும் இன்று சில பாடல்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. சீவக சிந்தாமணி முழுதாக நிலைத்தது, 1887இல் உ.வே.சாமிநாதையர் அதைப் பதிப்பித்தபோது ஒப்பிட்டுப் பார்க்கப் பல ஏட்டுப் பிரதிகள் இருந்தன. சுவடியைப் படி எடுத்துத் தருவதைச் சமண மரபில் சாத்திர தானம் என்று பெரிய புண்ணியமாகச் சொல்வார்கள். ஓலை ஓரிடத்தில் செல்லரித்தாலும் வேறிடத்தில் பிழைத்திருக்கும் என்பதே அதன் பயன்.

மின்னஞ்சலுக்கும் அதே நியாயம்தான். வழங்கியில் இருப்பது நிரந்தரம் அல்ல. இரண்டு வருடம் யாரும் நுழையாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழிக்கலாம் என்று விதி வைத்திருக்கிறது. மறைந்தவருடைய கணக்கில் யார் நுழைவார்கள்? அப்பாவின் கடிதங்கள் ஒருநாள் சத்தமில்லாமல் போய்விடக்கூடும்.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. வீட்டுக் கணினியில் தண்டர்பேர்ட் போன்ற இலவச மென்பொருளில் கணக்கை ஐமேப் வழியாகச் சேர்த்து, வேண்டிய கடிதங்களை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற உள்ளூர்ப் பெட்டிக்குப் பிரதி எடுங்கள். நகர்த்தாதீர்கள், பிரதி எடுங்கள். நகர்த்தினால் வழங்கியில் இல்லாமல் போய்விடும். அல்லது கூகுள் டேக்அவுட் மூலம் மொத்தக் கடிதங்களையும் 'எம்பாக்ஸ்' என்ற கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அந்தக் கோப்பை ஒரு தனி வட்டில் போட்டு, அலமாரியில் பத்திரங்களோடு வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, புதுக்கணக்குப் போடும் நாளில் செய்தால் மறக்காது. பெரியவர்கள் தங்கள் கூகுள் கணக்கில் 'இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்ற இடத்தில், தங்களுக்குப் பிறகு யாரிடம் கடிதங்கள் சேர வேண்டும் என்று எழுதி வைத்துவிடலாம்.

பழைய பாப் கணினி ஒன்று பரணில் தூங்கிக்கொண்டிருந்தால், அதை விற்பதற்கு முன் பிள்ளைகளில் ஒருவரை உட்கார வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மோடம் காலத்தில் வாரிக்கொண்டு வந்த கடிதங்கள் அதில் மட்டுமே இருக்கலாம்.